சுற்றுடைப்பான் துண்டிக்காத புவிப்பழுது

வீட்டு மின்சுற்றில் உயிர்க் கம்பியின் காவலி சிதைந்து, புவித்தொடுத்த உலோகக் கவசத்தைத் தொட்டால், பேச்சு வழக்கில் 'ட்ரிப் சுவிச்' எனப்படும் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான் உடனே சுற்றைத் துண்டிக்கும். ஆனால் கடதாசி ஆலை, இரசாயனத் தொழிற்சாலை போன்றவற்றில் இயந்திரங்கள் திடீரென நின்றால் பெரும் நட்டமும் சில வேளை விபத்தும் ஏற்படும். எனவே அத்தகைய இடங்கள் சிலவற்றில் நிலைமாற்றியின் நொதுமல் புள்ளியைப் புவியுடன் நேரடியாக இணைக்காது, ஒரு தடையியினூடாக இணைப்பர்.

400 வோல்ற்று மூவவத்தைத் தொகுதி ஒன்றைக் கருதுவோம். ஓர் உயிர்க் கம்பிக்கும் நொதுமல் புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ற்று இருக்கும். தடையி 46 ஓம் ஆயின், ஒரு கம்பி புவியைத் தொடும்போது ஓமின் விதிப்படி,

மின்னோட்டம் = 230 ÷ 46 = 5 அம்பியர்

100 அம்பியர் சுற்றுடைப்பான் இதற்குத் துண்டிக்காது. மோட்டரும் தொடர்ந்து சுழலும்.

"மின்னோட்டம் சிறியது, ஆகவே ஆபத்தில்லை" என விடை எழுதுவது தவறு. பழுதடைந்த கம்பி புவியின் அழுத்தத்துக்கு வந்துவிடுவதால், மற்றைய இரு கம்பிகளுக்கும் புவிக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு 230 இலிருந்து 400 வோல்ற்றாக உயரும். பழைய, ஈரம் ஏறிய காவலி இதனைத் தாங்காது போகலாம். அவ்வாறு இன்னொரு கம்பியும் வேறோரிடத்தில் புவியைத் தொட்டால், இரு கம்பிகளும் புவியினூடாகக் குறுஞ்சுற்றாகும். அப்பெரும் மின்னோட்டம் தடையியினூடாகச் செல்வதில்லை. ஆகவே 46 ஓம் அதனைக் கட்டுப்படுத்தவும் மாட்டாது. முதற் பழுதை விரைந்து தேடுவது இதற்காகவே.

மின்னை நிறுத்தாமலே தேடலாம். தடையியின் பாதியை ஒரு சுவிச்சு ஏறத்தாழ செக்கனுக்கு ஒரு முறை குறுஞ்சுற்றாக்கும். அப்போது 23 ஓம் மட்டுமே எஞ்சுவதால் மின்னோட்டம் 5, 10, 5, 10 அம்பியர் எனத் துடிக்கும். பயிற்சி பெற்ற தொழினுட்பவியலாளர் ஒவ்வொரு கிளை வடத்தையும் கவ்வு அம்பியர்மானியால் சோதிப்பார். மூன்று உயிர்க் கம்பிகளும் ஒன்றாகக் கவ்வுக்குள்ளும், புவிக் கம்பி வெளியேயும் இருத்தல் வேண்டும். மோட்டருக்குரிய மூன்று மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை எக்கணத்திலும் பூச்சியம். எனவே புவிக்கு ஒழுகுவது மட்டுமே மானியில் தோன்றும். வீட்டுச் சுற்றுடைப்பானின் தத்துவமும் இதுவே. ஒரு கம்பியை மாத்திரம் கவ்வினால், மோட்டரின் 60 அல்லது 70 அம்பியருக்குள் இந்த 5 அம்பியர் மறைந்துவிடும்.

துடிப்புள்ள கிளையைப் பின்தொடர்ந்து செல்ல, ஓரிடத்துக்கு அப்பால் துடிப்பு இல்லாது போகும். பழுது அங்கேதான். நல்ல கிளைகளிலும் வடத்தின் கொள்ளளவம் காரணமாகச் சிறு வாசிப்புக் கிடைக்கலாம், ஆனால் அது இவ்வாறு துடிக்காது.

பயிற்சி: பழுது நீடிக்கையில் 46 ஓம் தடையியில் ஒரு செக்கனில் வெப்பமாக மாறும் சக்தி யாது?
விடை: 230 × 5 × 1 = 1150 யூல்