கபடி அணிக்குக் கை கொடுங்கள்

கேள்வி: எங்கள் அரசுப் பள்ளி மாணவியர் கபடி அணிக்குப் பெற்றோர் எப்படி உதவலாம்? (வாசகி, காடாம்புலியூர்)

பதில்: முதலில் களத்தைப் பாருங்கள். 12-க்கு 8 மீட்டர்தான். ஆனால் உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் சரளை கிடந்தால் பிள்ளைகளின் முட்டி தோலுரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, கொத்திச் சலித்து, மணல் பரப்பிவிடுங்கள். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். பயிற்சி முடிந்ததும் அவித்த வேர்க்கடலையும் வாழைப்பழமும் கொடுங்கள். வெறும் வயிற்றோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பாய், காலணி வாங்கப் பணம் திரட்டினால் அது தனி ஆள் கையில் தங்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள்; 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோரே. 2022-இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாக முன்னாள் மாணவர்களும் தரலாம். யார் ஆடுவது என்பதை மட்டும் உடற்கல்வி ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள். வெளியூர்ப் போட்டிக்கு ஒரு தாயாவது துணைக்குப் போங்கள்.