நூலில் தொங்கும் கனி

ஓவியம் என்றவுடன் அரசர்களும் தெய்வத் திருவுருவங்களும் போர்க்களங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. சமையலறைக் காய்கனிகள் ஓர் ஓவியத்தின் முழுப்பொருளாக முடியுமா? முடியும் என்று காட்டியவர்களுள் ஒருவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹுவான் சாஞ்செஸ் கோட்டான்.

1560இல் ஒர்காஸ் என்னும் ஊரில் பிறந்த இவர், டொலீடோ நகரில் தொழில் புரிந்தார். ஏறத்தாழ 1602இல் இவர் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று அமெரிக்காவின் சான் டியாகோ கலைக்கூடத்தில் உள்ளது. அகலம் சுமார் 84 செ.மீ.; உயரம் சுமார் 69 செ.மீ. இவ்வகை ஓவியங்களை ஸ்பானியர் 'போதெகோன்' என்பர். சரக்கறையைக் குறிக்கும் 'போதேகா' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது.

படத்தில் கல்லால் ஆன ஒரு சாளரம். அதன் பின்னே காரிருள். இடப்பக்க மேல்மூலையில், ஆப்பிளுக்கு உறவான குயின்ஸ் என்னும் மஞ்சள் பழம் நூலில் தொங்குகிறது. சற்றுத் தாழ்வாக ஒரு முட்டைக்கோஸ். அடுத்து, சாளரத் திண்டில் அரிந்த முலாம்பழம், அதன் கீற்று ஒன்று, வலக்கோடியில் வெள்ளரிக்காய். இவற்றைக் கண்ணால் தொடர்ந்து சென்றால், வளைந்து இறங்கும் ஒரு கோடு புலப்படும். கீற்றும் வெள்ளரியும் திண்டைத் தாண்டி நீண்டு நிழல் வீழ்த்துகின்றன. கை நீட்டினால் எடுத்துவிடலாம் போலும்!

கெடாமலிருக்கக் காய்கனிகளைக் குளிர்ந்த அறையில் கட்டித் தொங்கவிடுவது அந்நாளைய வழக்கம். அந்த வீட்டு வழக்கத்தை ஓவியர் ஓர் ஒழுங்காக்கிவிட்டார்.

1603இல் இவர் டொலீடோவை விட்டு நீங்கிக் கார்த்தூசியர் துறவுச் சபையை நாடினார். 1627இல் கிரானடாவில் மறைந்தார். புலால் உண்ணாத சபை அது. எனவே, இப்படத்திலேயே துறவியின் நோன்பைக் காண்பாரும் உளர். ஆயின், இவர் துறவு பூணுமுன் தீட்டிய படம் இது. வேட்டைப் பறவைகளையும் இதே முறையில் தொங்கவிட்டு வரைந்திருக்கிறார். பின்னர் நேர்ந்ததைக் கொண்டு முன்னர்ச் செய்ததற்குப் பொருள் காண்பது ஆய்வு நெறியாகாது.

படமே நமக்குச் சான்று. வலப்பக்க மேற்பகுதி முழுவதும் வெறும் கருமை. அங்கே இன்னொரு கனியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அந்த வளைகோடு சிதைந்துவிடும். விட்ட இடமே தொட்ட இடத்திற்கு அழகு செய்கிறது. எளிய பொருளாயினும் கூர்ந்து நோக்குவார்க்கு அதுவே பெருங்கலையாகும் என்பது இவ்வோவியம் தரும் பாடம்.