கட்டைவிரலை மடக்கும் நாண்

பால்மரம் வெட்டுவோர்க்குக் கண்ணுக்கு அடுத்த செல்வம் கட்டைவிரலே. கத்தியின் பிடி நழுவாமல், பட்டையில் ஆழம் பிசகாமல் வெட்டுவதற்கு அதுவே துணை. பிறை வட்டாரத் தோட்டங்கள் பல தொழிற்பேட்டைகளாகிவிட்டன. ஆயினும் மரம் வெட்டினாலும் திருகாணி முடுக்கினாலும் உழைப்பது அவ்விரலே. ஆதலின் அதன் அமைப்பை நாம் அறிந்திருத்தல் நன்று.

மற்ற விரல்களில் மூன்று எலும்புகள், கட்டைவிரலில் இரண்டே. அதன் நுனியை மடக்கும் தசை விரலில் இல்லை. முன்கையில், ஆரை எலும்பின்மேல் உள்ளது. அங்கிருந்து புறப்படும் கயிறு போன்ற தசைநாண், மணிக்கட்டின் குறுகிய வழியில் வேறு எட்டு நாண்களோடும் ஒரு நரம்போடும் நுழைந்து, நுனி எலும்பின் அடியில் சென்று பொருந்துகிறது. தூண்டிற்கோலின் வளையங்கள் நூலைக் கோலோடு பிணைத்து வைப்பதுபோல, விரலிலுள்ள வளையங்கள் நாணை எலும்போடு பிணைத்து வைக்கின்றன.

விரலின் அடியிலுள்ள வளையம் தடித்து இறுகினால், நாண் தடையின்றி ஓடாது. மடக்கிய விரல் சிக்கிக்கொண்டு, பின் சொடுக்கென்று நிமிரும். காலையில் இத்தொல்லை மிகும். நீரிழிவு நோயாளரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. வலிந்து சொடுக்குதலும் முரட்டுத்தனமாக உருவுதலும் வேண்டா. ஓய்வு, பட்டை கட்டுதல், ஊசி மருந்து ஆகியவற்றால் பலர் குணமடைவர். குணமாகாதவர்க்கு அவ்வளையத்தைப் பிளந்துவிடும் சிறு அறுவை உண்டு.

கத்தி வெட்டு இதனினும் கொடியது. வெளிக்காயம் சிறிதாயிருப்பினும் உள்ளே நாண் அறுந்திருக்கலாம். அறுந்த முனை உள்ளங்கைப் பக்கம் பின்வாங்கும், தானே ஒட்டிக்கொள்ளாது. அப்போதும் அடிமூட்டு மடங்கும். ஏனெனில் அதற்கு உள்ளங்கைத் தசைகள் தனியே உள்ளன. இதைக் கண்டு பலர் ஏமாறுகின்றனர். அடிப்பகுதியை மறுகையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பார்க்க வேண்டும். மடங்காவிடில், தூய துணியால் காயத்தை அழுத்திக் கட்டி, செபராங் ஜெயா மருத்துவமனை போன்ற பொது மருத்துவமனைக்கு அன்றே செல்க. புகையிலையோ காப்பித்தூளோ அப்பற்க. தோல் மூடியபின் மாதக்கணக்கில் தாமதித்து வந்தால், நாணைத் தைத்து இணைப்பது கடினம்.

முள் குத்திய விரல் முழுதும் வீங்கி, நிமிர்த்தினால் வலி பொறுக்கவியலாது போயின், உறையினுள் சீழ் பிடித்திருக்கலாம். அதற்கும் அன்றே மருத்துவம் தேவை.

வேலையில் நேர்ந்த காயத்தை உடனே மண்டோரிடமோ அலுவலகத்திலோ தெரிவித்துப் பதிவு செய்விக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, சொக்சோவில் பதிவு பெற்ற தொழிலாளிக்கு மருத்துவமும் உதவித்தொகையும் உண்டு. சிறு காயமென்று மறைப்பவர், விரலோடு அவ்வுரிமையையும் இழக்க நேரிடலாம்.