பாசன அணையில் டர்பைன்: தண்ணீர் யார் கையில்?

கேள்வி: ஐயா, எங்கள் பாசன அணையின் கால்வாய் மதகில் டர்பைன் வைத்து 3 மெகாவாட் மின்சாரம் எடுக்கப் போவதாக ஒரு தனியார் கம்பெனி வந்து அளவெடுத்துப் போயிருக்கிறது. "எப்படியும் வெளியே போகிற தண்ணீர்தானே, இதற்கு லைசென்ஸே வேண்டாம்" என்கிறார்கள். எங்கள் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தைக் கேட்காமல் இதைச் செய்ய முடியுமா?

- சங்கத் தலைவர், தென்காசி மாவட்டம்

பதில்: அவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. மின்சாரச் சட்டம் 2003, 7-வது பிரிவின்படி மின் நிலையம் அமைக்க லைசென்ஸ் தேவையில்லை. நீர்மின் திட்டங்களுக்கு மத்திய மின்சார ஆணையத்தின் இசைவைக் கேட்கும் 8-வது பிரிவு, அரசு அறிவித்த தொகைக்கு மேல் செலவாகும் பெரிய திட்டங்களுக்கே பொருந்தும். 25 மெகாவாட்டுக்குக் குறைவு என்பதால் 2006 அறிவிக்கைப்படியான சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டாம். அதோடு பொதுமக்கள் கருத்துக்கேட்பும் போய்விடுகிறது. உங்கள் பயம் நியாயமானதே.

ஆனால் அணையும் தண்ணீரும் கம்பெனிக்குச் சொந்தமில்லை. பாசன உரிமை வேறு, மின்சாரம் எடுக்கும் உரிமை வேறு. முல்லைப் பெரியாற்றில் இது அடித்துப் பேசி முடிந்த விஷயம். 1886-ல் 999 ஆண்டுக் குத்தகை பெற்ற சென்னை அரசு, அதே தண்ணீரில் மின்சாரமும் எடுக்க முனைந்தபோது திருவிதாங்கூர் மறுத்தது. குத்தகை பாசனத்துக்கு மட்டுமே என்று 1941-ல் நடுவர் தீர்ப்பு வந்தது. பிறகு 1970 மே 29-ல் கேரளத்துடன் துணை ஒப்பந்தம் போட்டு, மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் கொடுக்கத் தமிழ்நாடு ஒப்புக்கொண்டது. ஓர் அரசுக்கே அந்த நிலை என்றால், இந்தக் கம்பெனி நீர்வளத்துறையிடம் எழுத்துப்பூர்வ அனுமதியும் ஒப்பந்தமும் இல்லாமல் மதகைத் தொட முடியாது. அணை 15 மீட்டருக்கு மேல் உயரம் என்றால் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-ம் உண்டு. காட்டு நிலம் என்றால் வனப் பாதுகாப்புச் சட்ட அனுமதி தனி.

திட்டத்தையே எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வைகை, அமராவதி அணைகளில் பாசனத் தண்ணீரிலேயே மின்சாரம் எடுக்கிறார்கள். ஆபத்து ஒப்பந்த வாசகத்தில்தான் இருக்கிறது. மின் லைன் டிரிப் ஆனால் டர்பைனுக்குள் போகும் தண்ணீர் உடனே அடைபடும். அந்த நேரம் பைபாஸ் வழி திறக்காவிட்டால் கால்வாயில் மட்டம் இறங்கும். முதலில் காய்வது கடைமடை. பகலில் தேக்கி, மின்தேவை கூடும் மாலையில் திறந்துவிடும் ஆசையும் கம்பெனிக்கு வரலாம். ஆகவே தண்ணீர் திறப்பதும் நிறுத்துவதும் பாசன உத்தரவுப்படி மட்டுமே, பைபாஸ் கட்டாயம், பயிர் நஷ்டத்துக்குக் கம்பெனி பொறுப்பு - இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் சங்கத்துக்குத் திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் அது 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அமைப்பு. அதன் தீர்மானத்தை அதிகாரிகள் லேசில் ஒதுக்க முடியாது. உடனே கூட்டம் போட்டு இந்த நிபந்தனைகளைத் தீர்மானமாக்கி, செயற்பொறியாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். திட்ட அறிக்கை, வரைவு ஒப்பந்தம் இரண்டின் நகல்களையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தீர்மானத்துக்குப் பதிலே வராவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். அதை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே போடுங்கள். கம்பெனி பணத்தை இறக்கிய பிறகு போனால், இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்பதுதான் நீதிமன்றத்தின் முதல் கேள்வியாக இருக்கும்.