குழிக்குள் என்ன போடுவது?

மழைநீர்க் குழியை எதைக் கொண்டு நிரப்பலாம் என்று கேட்டால், கொத்தனாரிடம் பதில் தயாராக இருக்கும்: அடியில் கருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல். 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, சென்னையில் அவசரமாகத் தோண்டிய குழிகள் பலவற்றுக்கும் இதே பக்குவம்தான். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் மண் தண்ணீர் குடிக்குமா?

முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, ஒருமுறை நீர் ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு மறுபடி நிரப்பிப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடியும். தி.நகர், அண்ணா நகர்க் களிமண்ணில் மறுநாளும் நிற்கலாம். களிமண்ணோடு மணலைக் கலந்தால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. மணலின் இடுக்குகளைக் களி அடைத்துக்கொள்ளும். களியைத் தாண்டிக் கீழே மணல் படுகை இருந்தால், அதுவரை துளை போடுவதே வழி. வேளச்சேரிப் பக்கம் பாறை சீக்கிரமே தட்டுப்பட்டால், காசைச் சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில் போடுங்கள்.

இனி நிரப்புவதா, வெறுமனே விடுவதா? ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர். மூன்றடி விட்டத்தில் பதினைந்தடிக்குச் சிமென்ட் உறை இறக்கினால் 3,000 லிட்டர் கொள்ளும். அதையே ஜல்லியால் நிரப்பினால் இடுக்குகளில் நிற்பது 1,200 லிட்டர்தான், மீதி தெருவுக்கு. காசு கொடுத்து ஜல்லி வாங்கி இடத்தை அடைப்பானேன்? நிரப்பிய குழி அடைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் வாரிக் கொட்ட வேண்டும். உறைக்கிணற்றில் ஆளை இறக்கித் தூர் வாரலாம். கனமான மூடி மட்டும் அவசியம், வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

உறை இறக்க வசதியில்லாத, ஆழமற்ற குழிக்கு ஜல்லியும் மணலும் சரிதான். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் என்றால் கழுவியதாக வாங்குங்கள். கல் தூள் கலந்தது சீக்கிரமே மேலே ஏடு கட்டிவிடும். கரி போடச் சொல்வார்கள். மொட்டைமாடி நீருக்கு அது வீண் செலவு.

தோட்டத்தில் பள்ளம் விட்டுச் செடி வைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்தில் பரவிய முறை இது: பெரும்பங்கு மணல், கொஞ்சம் மண், கொஞ்சம் மட்கிய உரம். உரத்தில் கை தாராளமாகக் கூடாது. அதிலுள்ள பாஸ்பரஸ் கரைந்து நீரோடு போய்விடும்.

எதைத் தேர்ந்தாலும் குழாய்க்கும் குழிக்கும் நடுவே சின்ன வண்டல் தொட்டி ஒன்று கட்டுங்கள். செப்டம்பர் கடைசியில் அதில் படிந்த வண்டலை அள்ளிச் செடிகளுக்குப் போட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு வழி திறந்திருக்கும்.