செவி வாயிலும் அயலார் பேச்சும்

கண், செவி, மூக்கு, நா, மெய், மனம் என்னும் ஆறு வாயில்களைப் பற்றி முன்னரே பயின்றிருக்கிறோம். இவற்றுட் கண்ணுக்கு இமை உண்டு. நாவுக்கு இதழ் உண்டு. செவிக்கோ மூடி இல்லை. உறங்கும்போதும் அது திறந்தே கிடக்கிறது. இக்குறையைத் தீர்ப்போம் என்று கூறிக்கொண்டு இக்காலத்திற் கடைதோறும் விற்கப்படுவன 'நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்' எனப்படும் காதுச் செருகிகளாம். படிப்பிற்கும் தியானத்திற்கும் இவற்றை வாங்கலாமா, வாங்கின் எவ்வகை தக்கது என்று மைசூரில் நம்முடன் பயிலும் இளைஞர் சிலர் வினவினர். அவர்களுக்குக் கூறியவற்றையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறோம்.

ஓசைக்கு அஞ்சி ஒதுங்குதல் மனவலிமை இன்மையன்றோ என்று ஒருவர் கேட்டார். அன்று. வைசாலியின் மகாவனத்திற் பகவான் தங்கியிருந்தபோது லிச்சவியர் பலர் தேர்களில் ஆரவாரத்தோடு வந்தனர். அங்கிருந்த மூத்த பிக்குகள் சிலர் அவ்விரைச்சலைக் கண்டு கோசிங்க சாலவனத்திற்கு அகன்றனர். பகவான் அவர்களைக் கடிந்தாரல்லர். செய்தது தக்கதே என்றார். முதல் தியானத்திற்கு ஓசை ஒரு முள் என அவர் உரைத்த செய்தி அங்குத்தர நிகாயத்தின் பத்தின் தொகுதியிற் காணப்படுகிறது. ஆதுமா என்னும் ஊரில் இடி விழுந்து உழவர் இருவரும் எருதுகள் நான்கும் மாண்டபோதும் பகவான் விழித்திருந்தும் அவ்வோசையைக் கேளாதிருந்தார் என்பது உண்மையே. ஆயினும் அந்நிலை நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. முள்ளை முள்ளென்றே கொள்ளல் வேண்டும்.

ஓசைகள் பலவற்றுள்ளும் பேச்சே கொடியது. அதன் காரணத்தை நாம் அறிந்த பாடமே விளக்கும். செவியும் ஓசையும் செவியுணர்வும் கூடிய இடத்திற் பரிசம் பிறக்கிறது. அதினின்று வேதனையும், அதன்பின் எண்ணப் பெருக்கும் எழுகின்றன. மின்விசிறியின் ஓசையைப் பற்றி எண்ண யாது உளது? அண்டை வீட்டார் மகளின் திருமணப் பேச்சோ காதில் விழுந்தவுடன் கதையாக வளர்ந்துவிடும். 1976ஆம் ஆண்டில் கோல், வெல்ஷ் என்னும் இரு ஆய்வாளர், எழுத்துக்களை நினைவிற் கொள்ள முயன்றோர் தமக்கு விளங்காத ஜெர்மன் மொழிப் பேச்சைக் கேட்டபோதும் தடுமாறினர் என்று காட்டினர். விளங்காத பேச்சே இவ்வளவு செய்யுமாயின், விளங்கும் மொழி படிப்பவரின் சொற்களோடு சொல்லாக வந்து கலப்பதில் வியப்பென்ன? (மைசூர் மாவட்டத்துப் பைலகுப்பையில் உள்ள சேரா மடத்துத் திபெத்தியத் துறவியர் முற்றத்திற் கூடிக் கைகொட்டி உரக்க வாதிட்டே பயில்கின்றனர். அங்கு அவ்விரைச்சலே பாடம். அதனை நம் இல்லத்துச் சலசலப்போடு ஒப்பிடுதல் பொருந்தாது.)

இனிக் கருவிக்கு வருவோம். ஓர் ஓசையலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும் என்னும் கருத்திற்கு ஜெர்மானியராகிய பால் லூயிக் 1936இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராளி ஒருவரின் மைந்தராகிய அமர் போஸ், 1978இல் விமானத்திற் செல்லும்போது அதன் இரைச்சலால் இசை கேட்க இயலாமையை எண்ணி இத்துறையில் உழைக்கத் தொடங்கினார். 1989இல் அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான காதணியை விற்பனைக்குக் கொணர்ந்தது. விமான இரைச்சலுக்கென வளர்ந்த கருவி இஃது என்பதை வாங்குவோர் மறத்தலாகாது.

ஏனெனில் இதன் வலிமையும் குறையும் அங்கேயே உள. வினாடிக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த ஓசையின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். விமானம், பேருந்து, மின்விசிறி ஆகியவற்றின் ஓசை பெரும்பாலும் இத்தகையது. ஒரே சீராக நீள்வது. அதற்கு எதிரலை ஆக்குதல் எளிது. வினாடிக்கு 3000 முறை அதிரும் ஓசையின் அலைநீளமோ சுமார் 11 சென்டிமீட்டரே. சொல்லைச் சொல்லாகத் தெளிவிக்கும் மெய்யெழுத்துக்களின் ஒலி, சிறப்பாகச் சகரமும் ஸகரமும், இவ்வுயர்ந்த பகுதியிலேயே உளது. கருவி சிறிது பிந்தினாலும் எதிரலை பொருந்தாது போகும். ஆகவே விசிறியின் ஓசை மறைந்து, பேச்சு முன்னிலும் தெளிவாகக் கேட்பதும் உண்டு! விலையுயர்ந்த கருவிகள் பேச்சையும் ஓரளவு குறைக்கின்றன, அறவே நீக்குவதில்லை.

உயர்ந்த ஒலியைத் தடுப்பது மின்கருவியன்று. காதுத் துளையை அடைக்கும் முனையே. எனவே பேச்சினின்று தப்ப விரும்புவோர் முதலில் நோக்க வேண்டியது பொருத்தம். பெட்டியிற் சிறிது, நடுத்தரம், பெரிது என மூவகைச் சிலிக்கோன் முனைகள் வைத்திருப்பர். பெரும்பாலோர் முன்னமே பொருத்தியதை மாற்றுவதில்லை. மூன்றையும் இட்டுப் பார்த்தல் வேண்டும்; வலச்செவிக்கும் இடச்செவிக்கும் வெவ்வேறு அளவு வேண்டியிருத்தலும் உண்டு. இட்டபின் பேசிப் பாருங்கள்: உங்கள் குரல் குடத்துள் ஒலிப்பதுபோற் கேட்டால் நன்கு அடைந்தது என்று பொருள்.

மற்றொன்றை அழுத்திச் சொல்கிறோம். பெட்டிகளின்மேல் 'ஏ.என்.சி.' என்றும் 'ஈ.என்.சி.' என்றும் அச்சிட்டிருப்பர். முன்னது உங்கள் செவிக்கு வரும் ஓசையைக் குறைப்பது. பின்னதோ, நீங்கள் தொலைபேசியிற் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்து இரைச்சல் கேளாமற் செய்வது. உங்கள் செவிக்கு அதனாற் பயன் யாதும் இல்லை. ஓர் எழுத்தே வேறுபாடு, ஏமாறுவோர் பலர்.

நம் மாணவர் ஒருவரும் அவ்வாறே ஏமாந்தார். அரசுத் தேர்வுக்குப் படிப்பவர். ஓர் அறையும் சமையற்கூடமுமே உள்ள வீடு. சுவருக்கு அப்பால் அயலார் திண்ணை. தமையனார் கூலியில் மிகுத்துத் தந்த பணத்தில் 'ஈ.என்.சி.' கருவியை வாங்கினார். பேச்சு குறையாமையால் பாட்டை வைத்தார். பாட்டுக்கு மேலும் பேச்சு கேட்டமையால் ஒலியை ஏற்றினார். சில வாரங்களில் இரவிற் காதுக்குள் 'கொய்ங்' என்னும் ஓசை எழலாயிற்று. இதனை அற்பமாக எண்ணலாகாது. செவியின் நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரிடத்து மீண்டும் முளைப்பதில்லை. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேற் கேளாதிருத்தல் நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தார் வகுத்த அளவு. ஒலி ஏற ஏற அந்நேரம் விரைந்து சுருங்கும். கருவியை உடனே நிறுத்தச் செய்தோம். மானசகங்கோத்ரியில் 1965 முதல் இயங்கிவரும் அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனத்திற் செவியைச் சோதித்துக்கொள்ளும்படியும் கூறினோம்.

பின்னர் அவருக்குச் சில பத்து ரூபாயிற் கிடைக்கும் நுரைச் செருகியைக் கொடுத்தோம். இதனை அப்படியே திணித்தலாற் பயனில்லை. தூய விரல்களால் மெல்லிய திரிபோல் உருட்டி, மற்றைக் கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் தாங்குதல் வேண்டும். பெட்டியிற் சுமார் 30 டெசிபல் குறைக்கும் என்று அச்சிட்டிருப்பர். சரியாக இடாதவருக்கு அதிற் பாதியே கிட்டலாம். எஞ்சிய பேச்சை மூடுவதற்கு மழையோசை போன்ற சீரான ஒலியை மெல்ல வைத்தல் போதும். காதில் சீழோ வலியோ உள்ளவர் எதனையும் செருகலாகாது. தெருவில் நடக்கும்போதும் தண்டவாளத்தைக் கடக்கும்போதும் கழற்றிவிடுக. பணம் உள்ளவர் ஏ.என்.சி. கருவி வாங்கின், நன்கு அடையும் முனையுள்ளதாகப் பார்த்து வாங்குக. பேருந்துப் பயணம் மிகுதியாக உடையவர்க்கு அஃது ஏற்றதே.

பம்பாய்ப் பரேலில் ஒற்றை அறையில் வளர்ந்த பாபாசாகேப் அம்பேத்கரை அவர் தந்தையார் முன்னிரவில் உறங்கச் செய்து, பின்னிரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்தார். வீடு அடங்கிய நேரத்தைத் தேர்ந்த அந்த ஏற்பாட்டிற்குச் செலவு மண்ணெண்ணெய் மட்டுமே. 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறினார்.

நம் மாணவரும் விடியற்காலை நான்கு மணிக்கு எழத் தொடங்கினார். ஆயினும் மாலை வேளையை இழக்க அவருக்கு மனமில்லை. சாதுமா என்னும் ஊரிற் புதிதாக வந்த பிக்குகள் மீன் பிடிப்போர்போல் ஆரவாரித்தபோது, பகவான் முதலில் அவ்வோசை யாருடையது என்று ஆனந்தரை வினவினாரன்றோ? அவ்வாறே நாமும் வினவினோம். ஒரு மாலையில் அவருடன் சென்று அயல் வீட்டு அம்மையாரைக் கண்டு, சுவருக்கு இப்பால் ஒரு பிள்ளை தேர்வுக்குப் படிக்கிறான் என்று கூறினோம். அவர் திகைத்துப்போய், "இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே!" என்றார். மறுநாள் முதல் மாலைப் பேச்சு கொல்லைப்புறத்திற்கு மாறிற்று.