வெளியூரிலிருந்து வந்த தொட்டிச் செடிகளைத் தேற்றும் முறை

வெளியூர்ப் பண்ணைகளினின்று தருவிக்கப்படும் குரோட்டன் செடிகள், வந்த சில தினங்களுக்குள் இலையுதிர்ப்பதும், எஞ்சிய இலைகளின் ஓரம் கருகுவதும் சகஜம். பெட்டியினுள் பல நாள் வெளிச்சமின்றி அடைபட்டதும், வேர்கள் அசைந்து அறுந்ததுமே இதற்குக் காரணம். செடி பட்டுவிட்டதென்று எறிந்துவிடலாகாது. தண்டின் பட்டையை நகத்தால் சிறிது கீறிப் பார்க்க. உள்ளே பச்சையிருப்பின் உயிருண்டு.

1. நேர் வெயிலும் பலத்த காற்றும் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் வைக்க.

2. இலையற்ற செடி நீரைக் குறைவாகவே உறிஞ்சும். மேல்மண் 1 அங்குல ஆழம் காய்ந்த பின்னரே நீர் விடுக. ஓயாது விட்டால் வேர் அழுகும்.

3. புதுத் துளிர் காணும்வரை எருவிடுதலும் தொட்டி மாற்றுதலும் கூடா.

4. முற்றிலும் கருகிய இலைகளை மட்டும் நீக்குக. பாதி பசுமையான இலையும் செடிக்கு உணவு தயாரிக்கும்.

கருகிய பாகம் மீண்டும் பசுமையாகாது. துளிரே குணத்தின் அடையாளம். அதன் பின்னர்ச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குக.